தண்டனைப் பக்கத்தை விடுங்கள், ஜாமீன் பக்கத்தைப் பாருங்கள்

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் இட்லி போடும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் ஆனால் ஒரு பையன் பைக்கில் வருவான். இறங்க மாட்டான், வண்டியை அணைக்கவும் மாட்டான். சில்லறை டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் நூறு ரூபாயை அக்கா எடுத்து நீட்டுவார், அவன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போவான், பேச்சே இருக்காது. ஒரு வாரம் மழையில் வியாபாரம் படுத்துவிட, "இந்த வாரம் ஒண்ணும் ஓடலப்பா" என்று அக்கா இழுத்துப் பார்த்தார். அவன் பதில் சொல்லவில்லை, சாம்பார் குண்டானைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அக்கா பக்கத்துப் பூக்காரம்மாவிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

சட்டப்படி இது மிரட்டிப் பணம் பறிப்பு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 384ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் 308ஆம் பிரிவு, ஏழு வருடம் வரை. சரி, பையனைப் பிடித்து உள்ளே போட்டால் என்ன ஆகும்? அடுத்த ஞாயிறு வேறு ஒரு பையன் வருவான். ஏனென்றால் நூறு ரூபாய் பையனுக்குப் போவதில்லை. அவனுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது: ஏரியா பிரித்துக்கொடுக்கிறவர், கணக்கு வாங்குகிறவர், உள்ளே போனவனுக்கு வக்கீல் வைத்து வெளியே எடுக்கிறவர் என்று ஆளாளுக்கு வேலை உண்டு. சாதாரணத் தண்டனைச் சட்டம் ஒரு குற்றம், ஒரு குற்றவாளி, ஒரு நாள், ஒரு இடம் என்றுதான் பார்க்கும். ஏற்பாட்டையே பிடிக்க எழுதிய தனிச் சட்டங்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன், ஏனென்றால் ஏற்பாட்டைப் பார்க்க சாதாரணச் சட்டத்துக்குக் கண் கிடையாது, கூட்டுச்சதி பிரிவு ஒன்றைத் தவிர.

முழுக்கக் கிடையாது என்று சொன்னால் தப்பு. 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்திலேயே 310, 311 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. வழிப்போக்கர்களைக் கொன்று கொள்ளையடித்த தக்கர்களுக்காக வெள்ளைக்காரன் எழுதிவைத்தவை. கொலையோடு சேர்ந்த கொள்ளைக்காகக் கூடித் திரிவதையே வழக்கமாக வைத்திருப்பவன் தக்கன், தக்கனாக இருந்தாலே ஆயுள் தண்டனை. அதாவது 'என்ன செய்தாய்' என்பதைவிட 'நீ எந்தக் கூட்டத்து ஆள்' என்பதைத் தண்டிக்கிற யோசனை நமக்குப் புதிதல்ல. புது சன்ஹிதாவில் அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டார்கள். அந்த யோசனையை மட்டும் வேறு பெயரில் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வருவோம்.

இப்போதைய வடிவத்தில் இந்த யோசனை அமெரிக்காவிலிருந்து கிளம்பியது. 1970இல் வந்த ரீகோ சட்டம் மாஃபியா குடும்பங்களுக்காக எழுதப்பட்டது: பட்டியலில் உள்ள குற்றங்களில் இரண்டைப் பத்து வருடத்துக்குள் செய்து, அவை ஒரே அமைப்பின் வேலை என்று காட்டிவிட்டால், உதிரிக் குற்றங்களுக்கு மேலே தனியாக ஒரு பெரிய குற்றம். பிறகு மாநிலங்கள் ஆளுக்கொன்று எழுதிக்கொண்டன. ஜார்ஜியாவின் 1980 சட்டத்தில் ஐந்து முதல் இருபது வருடம் வரை தண்டனை. அதை வைத்து அட்லாண்டாவில் மாணவர்களின் தேர்வு விடைகளைத் திருத்திய பள்ளி ஆசிரியர்களை 2015இல் தண்டித்தார்கள், 2023இல் டிரம்ப் உட்பட 19 பேர் மீது வழக்குப் போட்டார்கள், அந்த வழக்கு 2025 நவம்பரில் கைவிடப்பட்டது. மாஃபியாவுக்கு விரித்த வலையில் வாத்தியார் விழுகிற கதை அங்கேயும் உண்டு என்பதற்காகச் சொன்னேன், இனி நம் நாட்டுக்கு வருகிறேன்.

இந்தியாவில் இந்த வகைச் சட்டத்துக்குத் தாய் மகாராஷ்டிரம்தான். 1999ஆம் வருடத்து மகாராஷ்டிரத் திட்டமிட்ட குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், மும்பையில் எல்லோருக்கும் சுருக்கமாக மோக்கா. "அவன் மேல மோக்கா போட்டுட்டாங்க" என்றால் அங்கே உள்ளவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை, ஆள் இப்போதைக்கு வர மாட்டான் என்று அர்த்தம். அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்தச் சட்டத்தின் சூட்சுமமே இருக்கிறது. 'தண்டனை வாங்கிவிட்டான்' என்று யாரும் சொல்வதில்லை, 'வர மாட்டான்' என்றுதான் சொல்கிறார்கள்.

தொண்ணூறுகளின் மும்பையை நினைத்துப்பாருங்கள். அதற்கு முந்தைய தலைமுறை தாதாக்களில் தாராவி, மாட்டுங்கா பக்கம் கோலோச்சிய நம் ஊர்க்காரர் வரதராஜ முதலியாரும் ஒருவர், அவர் கடைசியில் சென்னைக்கு வந்து 1988இல் இறந்துபோனார். அந்தக் காலத்துச் சாராயமும் துறைமுகக் கடத்தலும் போய், அடுத்த தலைமுறையில் தொழிலே போன் வழியாக நடந்தது. வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும். பில்டர், ஹோட்டல்காரர், சினிமாத் தயாரிப்பாளர் யாராக இருந்தாலும் தொகையைப் 'பேட்டி'யிலும் 'கோக்கா'விலும் சொல்வார்கள். இது நம் ஊர்ப் பத்திரிகைப் பேட்டி அல்ல. அங்கே பேட்டி என்றால் ஒரு லட்சம், கோக்கா என்றால் ஒரு கோடி. கொடுக்காவிட்டால் 'சுபாரி', அதாவது வெற்றிலை பாக்கு மாற்றிக் கூலிக்கு ஆள் வைப்பது. 1997 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த்தைச் சுட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் கேசட் கம்பெனி முதலாளி குல்ஷன் குமாரை அந்தேரியில் கோயில் வாசலில் வைத்துச் சுட்டார்கள். சுட்டவன் பிடிபட்டாலும், சொன்னவன் துபாயிலோ கராச்சியிலோ மலேசியாவிலோ இருப்பான். நடுவில் துப்பாக்கி கொடுத்தவன், பைக் கொடுத்தவன், வீடு கொடுத்தவன், பணத்தைக் கைமாற்றிய ஹவாலாக்காரன் என்று எல்லோரும் சாட்சி இல்லாமல் கழன்றுகொள்வார்கள்.

மோக்கா வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. போலீஸ் கையில் அதுவரை தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இருந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும், ஜாமீன் கிட்டத்தட்டக் கிடையாது என்ற அந்தச் சட்டம் நாடு முழுக்கத் தப்பாகப் பயன்பட்டதாகப் பெரும் கூச்சல் எழுந்து 1995 மே மாதம் காலாவதியானது. ஒரு தடவை அந்தக் கத்தியைப் பிடித்த கைக்கு மறுபடி வெறும் லத்தி பிடிக்கவில்லை. 1999 பிப்ரவரி முதல் தேதி நாராயண் ராணே முதலமைச்சர் ஆனார், கோபிநாத் முண்டே உள்துறையைப் பார்த்தார், அந்த மாதம் 24ஆம் தேதியே அவசரச் சட்டம் வந்துவிட்டது. தடாவின் உறுப்புகளில் முக்கியமானவற்றைக் கழற்றி, பயங்கரவாதம் என்று எழுதியிருந்த இடத்தில் திட்டமிட்ட குற்றம் என்று எழுதினால் கிடைப்பது மோக்கா. சற்று முரட்டுத்தனமான சுருக்கம்தான், ஆனால் தப்பில்லை.

சட்டத்தின் மையத்தில் இருப்பது ஒரு வரையறை, அதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதி வழக்குகள் அங்கேதான் பிழைக்கின்றன அல்லது சாகின்றன. 'தொடர் சட்டவிரோதச் செயல்' என்று ஒன்றைச் சொல்கிறது. மூன்று வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமாக இருக்க வேண்டும், கும்பலின் உறுப்பினராகவோ கும்பலுக்காகவோ செய்திருக்க வேண்டும், கடந்த பத்து வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் தாக்கலாகி அவற்றை நீதிமன்றம் கோப்பில் எடுத்திருக்க வேண்டும். கவனியுங்கள், தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்று இல்லை. குற்றப்பத்திரிகை போதும். கும்பல் என்பதற்கு இரண்டு பேர் போதும். அந்தச் செயலை வன்முறையாலோ மிரட்டலாலோ 'வேறு சட்டவிரோத வழியாலோ' பண லாபத்துக்காகச் செய்தால் அது திட்டமிட்ட குற்றம். கிளர்ச்சியைத் தூண்டுவதற்காகச் செய்தாலும் சேர்த்தி. இந்தக் கடைசி வால் சின்னதாகத் தெரியும், பின்னால் அது என்ன செய்தது என்று பார்ப்போம்.

இட்லிக்கார அக்காவின் பையன் கணக்கில் சொன்னால்: போன வருடம் பக்கத்து மார்க்கெட்டில் அவன் கூட்டாளி மீது ஒரு பணப்பறிப்புக் குற்றப்பத்திரிகை, அதற்கு முன் அவன் தலைவன் மீது ஒரு கத்திக்குத்து வழக்கு, இப்போது இவன். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று ஸ்டேஷனில் மூன்று சில்லறைக் கேஸ். மோக்காவில் இவற்றை ஒரே நூலில் கோர்த்து மாலையாக்கிவிடலாம். ஒவ்வொருவன் மீதும் தனித்தனியே இரண்டு பழைய குற்றப்பத்திரிகை இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை, கும்பலுக்கு இருந்தால் போதும் என்பதுதான் நீதிமன்றங்கள் பெரும்பாலும் எடுத்துவரும் நிலை.

அடுத்தது தண்டனை. கும்பல் குற்றத்தால் உயிர் போனால் தூக்கு அல்லது ஆயுள், அதோடு குறைந்தது ஒரு லட்சம் அபராதம். உயிர் போகாத மற்றவற்றுக்குக் குறைந்தது ஐந்து வருடம், மேலே ஆயுள் வரை, அபராதம் குறைந்தது ஐந்து லட்சம். உயிர் போனால் ஒரு லட்சம், போகாவிட்டால் ஐந்து லட்சமா என்று கேட்காதீர்கள், அப்படித்தான் எழுதியிருக்கிறது. சதி செய்தவனுக்கும், ஒளித்து வைத்தவனுக்கும், வெறுமனே உறுப்பினராக இருப்பவனுக்கும் அதே ஐந்து வருடம் முதல் ஆயுள் வரை. கும்பல் பணத்தில் வந்த சொத்தை வைத்திருந்தால் மூன்று வருடம் முதல் ஆயுள். உறுப்பினருக்காகக் கணக்குக் காட்ட முடியாத சொத்தைத் தன் பேரில் வைத்திருக்கும் மச்சான், மாமனார் வகையறாவுக்கு மூன்று முதல் பத்து வருடம், சொத்தும் ஜப்தி. கும்பலுக்கு உடந்தையாக இருந்த அரசு ஊழியருக்கு? மூன்று வருடம் வரை. மாமூலில் பங்கு வாங்கும் காக்கிச்சட்டைக்கு, அந்த மாமூல் பணத்தில் வாங்கிய பிளாட்டைப் பேரில் வைத்திருக்கும் மாமியாரைவிடக் குறைவு.

இந்த எண்களைத்தான் ஒவ்வொரு மாநில அரசும் செய்தியாளர் சந்திப்பில் சொல்லும். ஆனால் யோசித்துப்பாருங்கள், கொலைக்குத் தூக்கும் ஆயுளும் சாதாரணச் சட்டத்திலேயே இருக்கிறது. தண்டனையின் அளவைப் பார்த்துப் பயந்து சுபாரியைத் திருப்பிக் கொடுத்த ஷூட்டர் யாரும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பல் இருப்பது கடைசிப் பக்கங்களில், நடைமுறை விதிகளில்.

முதல் பல் 21ஆம் பிரிவு. சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும், மோக்காவில் அதை 180 நாள் வரை இழுக்கலாம். ஜாமீன் கேட்டால் இரட்டை நிபந்தனை: இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும், வெளியே போனால் குற்றம் எதுவும் செய்ய மாட்டார் என்றும் திருப்தி ஏற்பட வேண்டும். வழக்கு நடக்கும் முன்பே கிட்டத்தட்ட விடுதலைத் தீர்ப்பு வாங்கு என்று சொல்கிற மாதிரி. பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் இதே இரட்டை நிபந்தனைதான் இருக்கிறது, செந்தில் பாலாஜி வெளியே வர 471 நாள் ஆனதைத் தமிழ்நாட்டில் எல்லோரும் எண்ணிக்கொண்டு இருந்தோமே, அந்தக் கதவுதான் இது. 2005இல் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் இளக்கியது. தெல்கி என்பவரின் போலி முத்திரைத்தாள் வழக்கில் கைதான முன்னாள் மும்பை போலீஸ் கமிஷனருக்கு ஜாமீன் கொடுத்தபோது, இந்த வார்த்தைகளை அட்சரம் பிசகாமல் படித்தால் யாருக்குமே ஜாமீன் தர முடியாது, பரந்த நிகழ்தகவைப் பார்த்தால் போதும் என்றது. சட்டத்தைக் கையில் வைத்திருந்த துறையின் தலைமை நாற்காலியில் இருந்தவரே அதன் ஜாமீன் பிரிவை இளக்கச் சொல்லிப் படியேற வேண்டியிருந்தது, நடந்த கதைதான்.

2008இல் இன்னொரு தீர்ப்பு. மோக்காவில் இருந்த தொலைபேசி ஒட்டுக்கேட்கும் பிரிவுகளை பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது, உச்ச நீதிமன்றம் அவற்றை மீட்டுக்கொடுத்தது. ஏற்கெனவே வேறு ஏதாவது சட்டத்தில் ஜாமீனில் இருந்தவனுக்கு மோக்காவில் ஜாமீனே கிடையாது என்ற வரியை மட்டும் வெட்டியது.

இரண்டாவது பல் 18ஆம் பிரிவு, என் கணக்கில் இதுதான் விஷப்பல். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது 1872 சாட்சியச் சட்டத்திலிருந்து வருகிற விதி, வெள்ளைக்காரனுக்கே தன் போலீஸ் மீது அவ்வளவுதான் நம்பிக்கை. மோக்காவில் எஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி, மும்பை என்றால் டிசிபி, பதிவு செய்தால் செல்லும். கொடுத்தவன் மீது மட்டுமில்லை, அதே வழக்கில் சேர்ந்து விசாரிக்கப்படும் மற்றவர்கள் மீதும் செல்லும். காகிதத்தில் பாதுகாப்பு நிறைய இருக்கிறது: சுதந்திரமான சூழலில் பதிய வேண்டும், அவர் பேசிய மொழியிலேயே எழுத வேண்டும், சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை என்று முன்கூட்டியே விளக்க வேண்டும், தாமதமில்லாமல் தலைமை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், அடித்தார்கள் என்று சொன்னால் அரசு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆனால் மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கிறவன், அடுத்து எந்த வேனில் ஏறி எங்கே போகப்போகிறோம் என்று தெரிந்துதான் வாயைத் திறப்பான்.

2006 ஜூலை 11, மும்பை புறநகர் ரயில்களில் ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போகும் நேரத்தில் முதல் வகுப்புப் பெட்டிகளில் அடுத்தடுத்து ஏழு குண்டுகள் வெடித்து 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வழக்கு மோக்காவில் போனது. கிளர்ச்சியைத் தூண்டுதல் என்ற அந்தச் சின்ன வாலைப் பிடித்துக்கொண்டு, மாமூல் கும்பலுக்கு எழுதிய சட்டம் பயங்கரவாத வழக்குக்குள் நுழைந்தது. மத்தியச் சட்டம் இருக்கும்போது மாநிலத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்டார்கள், முடியும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரயில் வழக்கில் 2015இல் சிறப்பு நீதிமன்றம் 12 பேரைத் தண்டித்தது, ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள். வழக்கைத் தாங்கிய தூண்களில் முக்கியமானவை அந்த வாக்குமூலங்கள். பத்து வருடம் கழித்து, 2025 ஜூலை 21ஆம் தேதி, பம்பாய் உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுதலை செய்தது. வாக்குமூலங்கள் சித்திரவதையில் வாங்கியவை, ஏற்க முடியாது என்று தீர்ப்பில் எழுதினார்கள். 12 பேரில் ஒருவர் அதற்குள் சிறையிலேயே கொரோனாவில் இறந்துவிட்டார். மூன்று நாள் கழித்து உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மற்ற மோக்கா வழக்குகளில் முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்று நிறுத்திவைத்தது, வெளியே வந்தவர்களை மறுபடி உள்ளே அனுப்பவில்லை. வெளியே வந்தவர்கள் இழந்தது கிட்டத்தட்ட 19 வருடம். அந்த ரயில்களில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்களுக்கு, யார் வைத்தார்கள் என்ற கேள்விக்கு 19 வருடம் கழித்தும் பதில் இல்லை.

சட்டமே வேஸ்ட் என்று சொல்ல வரவில்லை. பைகுல்லாவின் தக்டி சால் என்ற குடியிருப்பிலிருந்து ராஜ்ஜியம் நடத்தி, 2004இல் எம்எல்ஏவாகவும் ஆன அருண் காவ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வழக்குகள் அவரைத் தொட்டுவிட்டுப் போயின. 2007இல் ஒரு சிவசேனா கவுன்சிலரை வீடு புகுந்து சுட்ட வழக்கில், சுபாரி கொடுத்தது முதல் சுட்டது வரை சங்கிலியாகக் கோர்த்து மோக்கா நீதிமன்றம் 2012இல் ஆயுள் தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சுட்ட இடத்தில் இல்லாத தலைவனைச் சுட்டவனோடு கட்டுவதற்குத்தான் இந்தச் சட்டம், அங்கே அது செய்தது. பத்திரிகையாளர் ஜே டே கொலையில் மும்பை தாதா சோட்டா ராஜனுக்கு 2018இல் கிடைத்த ஆயுளும் அப்படித்தான், ஆள் 2015இல் பாலியில் பிடிபட்டுக் கொண்டுவரப்பட்ட பிறகு. தெல்கிக்கும் 2007இல் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது.

அப்புறம் இந்தப் பக்கமும் பாருங்கள். 2002இல் இந்தச் சட்டத்தை டெல்லிக்கும் நீட்டினார்கள். 2013இல் ஐபிஎல் ஸ்பாட் ஃபிக்சிங்கில் ஸ்ரீசாந்த், அங்கீத் சவான், அஜித் சண்டிலா மூவரையும் பிடித்த டெல்லி போலீஸ், தாவூத் இப்ராஹிம், சோட்டா ஷகீல் பெயர்களோடு இவர்களையும் ஒரே வழக்கில் கோர்த்து மோக்கா போட்டது. இடுப்பில் துண்டு சொருகிப் பந்து வீசினால் அது புக்கிக்கு, அதாவது சூதாட்டத் தரகருக்குக் கொடுத்த சிக்னல் என்பது குற்றச்சாட்டு. உண்மையோ பொய்யோ, அது ஒழுங்கு நடவடிக்கைக்கோ மோசடி வழக்குக்கோ உரிய விஷயம். கிரிக்கெட்காரர் என்ன வன்முறை செய்தார், எந்தக் கும்பலின் உறுப்பினர் என்று கேட்டால் பதில் இல்லை. மோக்கா போட்ட ஒரு வாரத்திலேயே ஸ்ரீசாந்துக்கு ஜாமீன் கிடைத்தது, 2015 ஜூலையில் குற்றச்சாட்டுப் பதியும் கட்டத்திலேயே எல்லோரையும் விடுவித்துவிட்டார்கள். போன் அழைப்புகளின் பின்னால் தாவூத் நிழல் தெரிந்தது என்பதற்காக மைதானத்தில் நிற்கிறவனைக் கும்பலில் சேர்த்தால் வழக்கு இப்படித்தான் உதிரும்.

இதைத் தடுக்கத்தான் 23ஆம் பிரிவு என்று ஒரு பூட்டு. டிஐஜி அந்தஸ்து அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் மோக்காவில் எஃப்ஐஆர் பதிய முடியாது, ஏடிஜிபி ஒப்புதல் இல்லாமல் நீதிமன்றம் கோப்பில் எடுக்க முடியாது. வக்கீல்கள் முதலில் தட்டிப்பார்ப்பது இந்தப் பூட்டைத்தான். கர்நாடகத்தின் 2000ஆம் வருடத்துச் சட்டம் மோக்காவின் அச்சு அசல், அதில் நடந்த பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் கொலை வழக்கில் இது பெரிய சண்டையானது. தங்க இடம் கொடுத்தார் என்று குற்றம்சாட்டப்பட்ட ஒருவர், என் மீது பழைய வழக்கே இல்லையே என்று கேட்டு உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: முன் அனுமதி கொடுப்பது குற்றம் நடந்த தகவலுக்கு, ஆளுக்கு அல்ல, உதவி செய்தவன், ஒளித்து வைத்தவன் மீது தனியே பழைய குற்றப்பத்திரிகை இருக்க வேண்டியதில்லை என்றது. பூட்டு அங்கேயே இருக்கிறது, சாவித்துவாரம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

குஜராத் கதை தனி. 2003இல் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். தண்டனையும் நடைமுறையும் பொதுப் பட்டியலில் வருவதால், மத்தியச் சட்டத்தோடு முட்டுகிற மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் கையெழுத்து வேண்டும். நம் ராமேஸ்வரத்துக் கலாம் 2004இல் ஒட்டுக்கேட்புப் பிரிவை எடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். பிறகு வந்தவரும் திருப்பினார், மறுபடி நிறைவேற்றி மறுபடி அனுப்பினார்கள், கடைசியில் பயங்கரவாதத்தையும் சேர்த்துப் பெயர் மாற்றி 2015இல் கொண்டுவந்த வடிவத்துக்கு ராம்நாத் கோவிந்த் 2019 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தார். பதினாறு வருடம். ராஜஸ்தான் 2023இல் தனக்கு ஒன்று கொண்டுவந்தது. உத்தரப் பிரதேசத்தில் 1986 முதலே கேங்ஸ்டர் சட்டம் இருக்கிறது, இரண்டு முதல் பத்து வருடம் தண்டனை, கலெக்டரே சொத்தை ஜப்தி செய்யலாம், அது போதாதென்று மோக்கா மாதிரியே இன்னொன்றையும் முயன்றார்கள்.

2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நாடு முழுக்க ஒரு மோக்கா வந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள், பாதிதான் சரி. நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு வரையறையை அப்படியே எடுத்துக்கொண்டது: இரண்டு பேர் கும்பல், பத்து வருடம், ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை, ஐந்து வருடம் முதல் ஆயுள், உயிர் போனால் தூக்கு அல்லது ஆயுளோடு குறைந்தது பத்து லட்சம் அபராதம். நில அபகரிப்பு, கூலிக்கொலை, சைபர் குற்றம், பொருளாதாரக் குற்றம் எல்லாம் பட்டியலில் உண்டு. ஆனால் இரட்டை ஜாமீன் நிபந்தனை அதில் இல்லை, போலீஸ் வாக்குமூலம் இல்லை, 180 நாள் இல்லை, டிஐஜி அனுமதி என்ற பூட்டும் இல்லை. அதாவது தண்டனைப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு, பல்லையும் கடிவாளத்தையும் சேர்த்தே விட்டுவிட்டார்கள். வழக்கமான இன்ஸ்பெக்டரே இந்தப் பிரிவைச் சேர்த்து எழுதிவிடலாம். 112இல் 'சில்லறைத் திட்டமிட்ட குற்றம்' என்று வேறு ஒன்று, ஒரு வருடம் முதல் ஏழு வருடம் வரை: கும்பலாகச் செய்யும் திருட்டு, செயின் பறிப்பு, வினாத்தாள் விற்பனை, பிளாக்கில் டிக்கெட் விற்பது. சிரிக்க வேண்டாம், சோட்டா ராஜன் செம்பூரில் தியேட்டர் வாசலில் பிளாக் டிக்கெட் விற்றுத்தான் தொழிலைத் தொடங்கினார்.

மோக்கா மாதிரி ஒன்றின் தேவையைத் தமிழ்நாட்டில் போலீஸ் அவ்வளவாக உணராததற்கு, குண்டர் சட்டம் கையில் இருப்பதே முக்கியக் காரணம் என்பேன். எம்ஜிஆர் காலத்துச் சட்டம், 1982ஆம் வருடத்து 14ஆம் எண். ஆரம்பத்தில் கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர், விபசாரத் தொழில் நடத்துபவர், குடிசைப் பகுதி அபகரிப்பவர் என்று இருந்த பட்டியலில் பிறகு திருட்டு விசிடி, மணல் கடத்தல், சைபர் குற்றம், பாலியல் குற்றம் என்று ஒவ்வொரு ஆட்சியும் ஒன்றைச் சேர்த்தது. இது தண்டனைச் சட்டமே அல்ல, தடுப்புக்காவல். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவு போட்டால் ஒரு வருடம் வரை உள்ளே. ஐந்து நாளுக்குள் காரணம் சொல்ல வேண்டும், 12 நாளுக்குள் அரசு ஏற்க வேண்டும், மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்துக்குப் போக வேண்டும். அந்தக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு எதுவும் வேண்டாம்.

மோக்காவில் ஆளை உள்ளே வைக்கக் கும்பலைக் காட்ட வேண்டும், பழைய குற்றப்பத்திரிகை காட்ட வேண்டும், என்றாவது ஒருநாள் நிரூபிக்கவும் வேண்டும். குண்டர் சட்டத்தில் அந்தத் தலைவலி கிடையாது. ஆனால் அதனாலேயே அது கும்பலைத் தொடுவதும் கிடையாது. 2024 ஜூலையில் பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில் கைதான பலர் மீது அடுத்தடுத்து குண்டர் சட்டம் பாய்ந்தது, அது ஆளை ஒரு வருடம் நிறுத்திவைக்கும் தாழ்ப்பாள்தான், கொலையை நிரூபிக்கிற வேலை தனியே மிச்சம் இருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் ஆட்கொணர்வு மனுக்களில் இந்த உத்தரவுகள் ரத்தாகிக்கொண்டே இருக்கும், காரணங்களைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும்: ஜெராக்ஸ் நகல் தெளிவாக இல்லை, ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு கொடுக்கவில்லை, கைதியின் மனுவைப் பரிசீலிக்க நாட்கள் தாமதம். ஆள் நல்லவனா கெட்டவனா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை, காகிதம் சரியா என்பது மட்டும்தான். அது ரத்தாவதற்குள் ஐந்தாறு மாதம் உள்ளே கழிந்திருக்கும், போலீஸ் நினைத்த காரியமும் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

சமீபத்தில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் இட்லிக்கார அக்கா விஷயத்தைச் சொல்லி, சார், புது 111இல் அந்தப் பையனையும் அவன் தலைவனையும் சேர்த்துப் போட முடியுமா என்று கேட்டேன். "ரெண்டு சார்ஜ் ஷீட் வேணும்ங்க. சார்ஜ் ஷீட்டுக்கு எஃப்ஐஆர் வேணும், எஃப்ஐஆருக்குப் புகார் வேணும். யார் கொடுத்திருக்கா?" என்றார். அந்தத் தெருவில் பதினோரு வண்டிகள் நிற்கின்றன. மறுநாள் காலை நாலு இட்லி வாங்கிக்கொண்டே அக்காவிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன். அக்கா சட்னியை ஊற்றிவிட்டு, "எதுக்குப்பா, நூறு ரூபாதானே" என்றார்.